வாடகை வீடும் ஊர்ப் பாசமும்

கேள்வி: கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. எங்கள் ஊரான ரிஷிவந்தியத்திலேயே ஒரு வீடு கட்டி வாடகைக்கு விடலாமா?

பதில்: விடலாம். ஆனால் ஊர்ப் பாசம் வாடகை தராது, குடிவருகிறவர்தான் தருவார்! 2019 நவம்பரில் உங்கள் பக்கத்துக் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. மாற்றலாகி வரும் அலுவலர்களும் செவிலியர்களும் வீடு தேடுவது அங்கேதான். ஆகவே முதல் வீடு கள்ளக்குறிச்சியில் இருக்கட்டும். கோடையில் வீடு கட்ட நினைக்கும் தெருவுக்குப் போய், போர் தண்ணீர் எத்தனை அடியில் என்று பக்கத்து வீட்டம்மாவிடம் கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர் சொல்வார். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி மின் மீட்டர் வையுங்கள், பாதிச் சண்டை ஒழியும். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்காதீர்கள்.