எட்டுக் குமிழும் ஒரு கள்ளச்சாவியும்

திண்டுக்கல் பூட்டு என்பது, தன் வயிற்றுக்குள் அடுக்கப்பட்ட நெம்புத் தகடுகள் அனைத்தும் தமக்குரிய சாவியின் பற்களால் உரிய உயரத்துக்கு எழுப்பப்பட்டாலன்றித் தாழை நகர விடாத கைவினைப் பொறியாகும். நாகல் நகர் முதலிய பகுதிகளில் அரத்தாலும் சுத்தியலாலும் செய்யப்பட்டு, 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்ற இப்பொறியின் இலக்கணம், ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்னும் ஒரே நூற்பாவில் அடங்கும். மிடி கன்ட்ரோலர் என்பதோ, எந்தப் பூட்டுக்கும் உரித்தாகாத சாவிகள் எட்டினைக் குமிழ்களாக ஒரு பலகையில் பதித்து, எதைத் திறப்பது என்னும் பொறுப்பை வாங்குபவர் தலையில் கட்டி விற்கப்படும் மின்னணுக் கருவியாகும். இவ்விரு மரபுகளும் திண்டுக்கல்லில் ஒரே சுவரின் இருபுறமும் குடியிருக்க நேர்ந்ததால் விளைந்தவற்றை முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சுவரின் ஒருபுறத்தில் பூட்டுத் தொழிலில் தலைநரைத்த கைவினைஞர் ஒருவரும், மறுபுறத்தில் கணினியில் இசையமைக்க முயலும் இக்கட்டுரையாளரும் வாழ்ந்தனர். இருபுறமிருந்தும் ஓசை எழுந்ததாயினும், தெருவார் முறையிட்டது ஒருபுறத்தைப் பற்றி மட்டுமே.

மென்பொருள் இசைக்கருவி என்பது, கணினிக்குள் நிரலாக மட்டுமே இருந்துகொண்டு நாதஸ்வரம், வீணை, வயலின் போன்றவற்றின் ஒலியைத் தருவது. துறையினர் இதனைப் பிளக்இன் என வழங்குவர். இதற்குச் சீவாளி காய்வதில்லை, வார் தளர்வதில்லை, முகூர்த்த நாளில் வேறு ஊர்க் கச்சேரிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விடும் வழக்கமும் இல்லை. இத்தனை நற்குணங்களுக்கும் ஈடுகட்டும் ஒரே குறை, தொடுவதற்கு அதில் ஒன்றுமில்லை என்பதாகும். திரையில் வரையப்பட்ட குமிழை மவுசால் திருக முயல்வது, சுவரொட்டியில் அச்சிட்ட பிரியாணியைக் கரண்டியால் அள்ள முயல்வதை ஒக்கும். சீரகச் சம்பாவின் மணம் தெருவுக்குத் தெரு வீசும் ஊரில் இவ்வுவமையின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. ஆகவேதான் கைக்கு அகப்படும் மெய்யான குமிழ்களைக் கொண்ட பலகை ஒன்று தேவைப்படுகிறது.

அப்பலகையும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியே மிடி. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேச மறுத்த காலத்தில், அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ காகெஹாஷியும் முன்னின்று வகுத்த இம்மொழி, 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், முன்னவர் நிறுவனத்தின் புரொஃபெட் 600 கருவியையும் பின்னவர் நிறுவனத்தின் ஜூபிட்டர் 6 கருவியையும் ஒரே வடத்தால் இணைத்துக் காட்டியதன் வழி உலகுக்கு அறிமுகமாயிற்று. அக்கண்காட்சியின் பெயரைத் தமிழில் எழுதினால் ‘நாம்’ என்றே வரும். போட்டி நிறுவனங்கள் ஒரு வடத்துக்கு உடன்பட்டமை, பங்காளிகள் வரப்புக்கு உடன்படுவதற்கு நிகரான அதிசயமாதலால், அப்பெயர் பொருந்தியே அமைந்தது. இருவருக்கும் 2013இல் கிராமி அமைப்பின் தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது.

மிடி வழியே ஒலி பயணம் செய்வதில்லை, செய்தி மட்டுமே பயணம் செய்கிறது என்பதை முதற்கண் மனங்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டுச் சமையற்காரர் எழுதித் தரும் மளிகைச் சீட்டுக்கும் விருந்துக்கும் உள்ள உறவே மிடிக்கும் இசைக்கும் உள்ள உறவு; சீட்டை மென்றால் பசியாறாது. முதற்குமிழைச் சிறிது திருகினால் பலகையிலிருந்து 176, 74, 63 என மூன்று எண்கள் புறப்படும். இவற்றுள் 176 என்பது ‘முதலாம் தடத்துக்கு ஒரு கட்டுப்பாட்டுச் செய்தி வருகிறது’ என்னும் முன்னறிவிப்பு. 74 என்பது எந்தக் கட்டுப்பாடு என்னும் பெயர். 63 என்பது எவ்வளவு என்னும் அளவு. தடங்கள் 16, அளவுகள் 0 முதல் 127 வரை. 7 என்றால் ஒலியளவு, 10 என்றால் இட வல நிலை, 64 என்றால் சுரத்தை நீட்டும் மிதி, 74 என்றால் ஒலியின் பளிச்சிடும் தன்மை என்று மரபு உண்டு. நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் செல்லும் பழைய ஐந்து முள் வடத்திலும்கூட, இம்மூன்று எண்களும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் சென்று சேர்ந்துவிடும். திருகுபவர் தாம் எதைத் திருகுகிறோம் என்று உணர்வதற்கு இரண்டு நாள் ஆகலாம் என்பது வேறு.

அவ்விரண்டு நாள்களின் வரலாறு பின்வருமாறு. மலைக்கோட்டையின் அடிவாரத்தில் உள்ள கோட்டை மாரியம்மன் கோயிலின் மாசித் திருவிழாவுக்காக இக்கட்டுரையாளர் அம்மன் பாடல் ஒன்றை அமைக்கத் தொடங்கி, கணினிக்குள் ஒரு நாதஸ்வரத்தையும் ஒரு தவிலையும் குடியேற்றியிருந்தார். பெரும்பாலான மென்பொருள்களில் ‘மிடி லேர்ன்’ என்றொரு வசதி உண்டு; அதனை இயக்கி, திரையிலுள்ள குமிழைத் தொட்டுவிட்டு, கையிலுள்ள குமிழைத் திருகினால், இது அதற்கு என மென்பொருள் மனனம் செய்துகொள்ளும். மென்பொருளின் நினைவாற்றல் அபாரமானது; பகுத்தறிவு மட்டும் சிறிது குறைவு. நாதஸ்வரத்தின் பளிச்சிடும் தன்மைக்கு முதற்குமிழைக் கற்பித்த பின்னர், மிடி லேர்னை அணைக்க மறந்த நிலையில் தவிலின் ஒலியளவையும் இக்கட்டுரையாளர் தொட்டுவிட்டு, அதே குமிழை மகிழ்ச்சியோடு மீண்டும் திருகினார். மென்பொருள் அதனையும் இரண்டாம் பாடமாகப் பயின்றது.

அதன் பின் முதற்குமிழை எப்போது உயர்த்தினாலும், நாதஸ்வரம் ஒளிபெற்று எழுந்த அதே கணத்தில் தவில் வீட்டுக் கூரையைப் பிடுங்கிற்று. தவிலை அடக்கக் குமிழைத் தாழ்த்தினாலோ நாதஸ்வரம் கம்பளிக்குள் வாசிப்பது போல மூச்சுத் திணறிற்று. ஒலிபெருக்கி மாற்றப்பட்டது, வடம் மாற்றப்பட்டது, மின்னழுத்தம் ஐயுறப்பட்டது, இராகுகாலமும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டாம் நாள் மாலையில், ஓசை பொறுக்காமல் எட்டிப்பார்த்த பூட்டுக் கைவினைஞர், குமிழ் ஒன்று திருகப்படவும் திரையில் குமிழ் இரண்டு நகர்வதைச் சிறிது நேரம் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, “ரெண்டு பூட்டத் தொறந்தா அதுக்குப் பேரு சாவி இல்ல தம்பி, கள்ளச்சாவி” என்று சொல்லித் தம் அரத்துக்குத் திரும்பினார். கன்ட்ரோலர் குறித்து உலக மொழிகளில் வெளிவந்துள்ள கையேடுகள் பல பக்கங்களில் சொல்ல முயல்வதன் சாரம் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதை அறிஞர் உணர்வர்.

இணைப்பு சரியாக அமைந்த பின்னரும் கையிலுள்ள குமிழும் திரையிலுள்ள குமிழும் வெவ்வேறு நிலைகளில் நிற்பது இயல்பு. திரையில் 110இல் நிற்கும் ஒலியளவு, கையிலுள்ள குமிழ் 20இல் இருக்கும்போது தொடப்பட்டால், ஒரேயடியாக 21க்கு விழுந்து, பாடகி பாதிச் சொல்லில் கிணற்றுக்குள் தள்ளப்பட்டது போன்ற விளைவை உண்டாக்கும். இதனைத் தவிர்க்கவே ‘பிக்அப்’ என்னும் முறை ஏற்பட்டது. இம்முறையில், கைக்குமிழ் 110ஐ வந்து அடையும் வரை மென்பொருள் அதனைக் கண்டுகொள்வதில்லை. கல்யாணப் பந்தியில் சாப்பிடுபவரின் நாற்காலிக்குப் பின்னால், அவர் மோர் ஊற்றிக்கொள்ளும் கட்டத்தை எதிர்நோக்கி நிற்பவரின் பொறுமையே இம்முறையின் அடிப்படைத் தத்துவம். இடம் காலியாகும் முன் உட்கார முயல்வோர் அடையும் அவமானத்தை மேற்படி ஒலியளவு வீழ்ச்சியோடு ஒப்பிட்டு அறிக.

சுரத்தை வளைக்கும் சக்கரமாகிய பிட்ச் பெண்டுக்கு மட்டும் 128 படிகள் போதாவெனக் கண்டு, மிடியை வகுத்தோர் 16,384 படிகளை ஒதுக்கினர். வழக்கமான ஏற்பாட்டில் இச்சக்கரம் மேலே இரண்டு அரைச்சுரங்களும் கீழே இரண்டு அரைச்சுரங்களும் நகரும். தோடி இராகத்தின் சாதாரண காந்தாரத்திலிருந்து கீழே இரண்டு அரைச்சுரம் இறங்கினால் சுத்த ரிஷபமும், மேலே இரண்டு அரைச்சுரம் ஏறினால் சுத்த மத்தியமமும் வருமாதலால், தோடியின் காந்தாரத்தை அசைப்பதற்கென்றே அளந்து செய்ததைப் போல இவ்வெல்லை தற்செயலாகப் பொருந்துகிறது. ஆயின் மென்கருவி இதே செய்தியைப் பன்னிரண்டு அரைச்சுரங்கள் எனப் பொருள்கொள்ளுமாறு அமைக்கப்பட்டிருந்தால், சக்கரத்தின் முழுவீச்சு ஒரு முழு ஸ்தாயியைத் தாண்டும். இக்கட்டுரையாளர் அமைத்த தோடி அவ்வாறே மத்தியமத்தில் நில்லாமல் சிறுமலைக்கு ஏறிற்று. அடுத்த அசைவில் வைகை ஆற்றுக்கு இறங்கிற்று. சக்கரத்துக்கும் மென்கருவிக்கும் எல்லை ஒன்றே என்று உறுதிசெய்யாமல் கமகம் வாசிக்கலாகாது என்பது இதனால் பெறப்படும்.

தமிழ்த் திரையிசை இந்த எண்களோடு பழகியது நேற்றன்று. இளையராஜாவின் இசையில் 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’, கணினி வழி அமைந்த இசைக்காகப் பேசப்பட்டது. 1992இல் ‘ரோஜா’ வெளிவந்த பின்னர், வீட்டோடு அமைந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் பெரிய இசையைச் செய்ய முடியும் என்னும் நம்பிக்கை கீபோர்டு வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் தொற்றிற்று. கட்டைகளே இல்லாத பரப்பில் விரலை இழுத்து வாசிக்கும் ஹாக்கன் கன்டினியம் என்னும் கன்ட்ரோலரை ஏ. ஆர். ரகுமான் 2009இல் வெளிவந்த ‘டெல்லி 6’ படத்தின் பாடலொன்றில் கையாண்டார். கட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள இசையை நாடும் செவிக்குச் சக்கரம் மட்டும் போதாமையே இத்தகைய கருவிகளின் பிறப்புக்குக் காரணம். இக்கட்டுரையாளரிடம் கன்டினியம் இல்லை. எட்டுக் குமிழ்ப் பலகையும், தலைகீழாக வேலை செய்யும் மிதி ஒன்றும் இருந்தன. மிதியை மிதித்தபடியே பலகைக்கு மின்சாரம் கொடுத்தால், மிதித்த நிலையையே மிதிக்காத நிலையெனப் பல கருவிகள் கருதிக்கொள்ளும். அதன் பின் காலை எடுத்தால் சுரம் நீளும், வைத்தால் அறும்.

இனி ஆட்டோமேஷன். ஒரு குமிழ் பாடலின் எந்தக் கணத்தில் எங்கே நின்றது என்பதைக் கணினி ஒரு கோடாக வரைந்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை தானே அதைத் திருகுவதற்கு இப்பெயர். பல்லவியில் தாழ்ந்து சரணத்தில் ஏறும் எதிரொலியை ஒருமுறை கையால் செய்து காட்டினால் போதும். பின்னர்க் கையைக் கட்டிக்கொண்டு அமரலாம். திரையில் குமிழ் தானே சுழல்வதை முதன்முறை கண்ட இக்கட்டுரையாளரின் அத்தை, விபூதியை எடுத்து வருவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கி, “அப்ப வாசிக்கிறது யாருடா?” என்று வினவினார். இவ்வினாவுக்கு இன்றளவும் நிறைவான விடை கிடைக்கவில்லை.

ஆட்டோமேஷனுக்கு நான்கு நிலைகள் வழக்கில் உள்ளன. ‘ரீட்’ என்பது எழுதியதைப் படித்து நடப்பது. ‘டச்’ என்பது கை பட்டிருக்கும் வரை எழுதி, கையெடுத்ததும் பழைய கோட்டுக்குத் திரும்புவது. ‘லாட்ச்’ என்பது கையெடுத்த பின்னும் கடைசி நிலையிலேயே பிடிவாதமாக நிற்பது. ‘ரைட்’ என்பது பாடல் ஓடத் தொடங்கிய கணத்திலிருந்தே, எவரும் எதையும் தொடாவிடினும், குமிழ்கள் அப்போதிருக்கும் நிலையைப் பழையதன் மேல் எழுதிக்கொண்டு போவது. இந்நான்காம் நிலையில் பாடலைக் கேட்பது, ஈரச் சிமெண்டுத் தரை எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக அதன் மேல் நடந்து செல்வதை ஒக்கும். இக்கட்டுரையாளர் மூன்று இரவுகள் வரைந்த ஏற்ற இறக்கங்களையெல்லாம், ரைட் நிலையை மாற்றாமல், கண்ணை மூடி, தலையை ஆட்டி, நான்கு நிமிடம் இரசித்துக் கேட்டார். கண் திறந்தபோது கோடுகள் அனைத்தும் மதுரைச் சாலை போல நேராகக் கிடந்தன. பின்னோக்கிச் செல்லும் கட்டளையால் அவற்றை மீட்டிருக்கலாம்; அதற்குள் மின்சாரம் போயிற்று.

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படும் நெறிகள் சிலவே. ஒரு குமிழைக் கற்பித்தவுடன் மிடி லேர்னை அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு குமிழின் கீழும் அது எதைத் திறக்கிறது என்று காகிதத் துண்டில் எழுதி ஒட்ட வேண்டும். எழுத முடியாத அளவுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படும் குமிழ் கள்ளச்சாவியாக இருக்கக்கூடும். ஆட்டோமேஷனை எழுதி முடித்ததும் ரீட் நிலைக்குத் திரும்பி, தேநீர் குடிக்கும் முன் கோப்பைச் சேமிக்க வேண்டும். 2020இல் வெளிவந்த மிடியின் இரண்டாம் பதிப்பு, 128 படிகள் இருந்த கட்டுப்பாட்டுக்கு 429 கோடிக்கும் மேற்பட்ட படிகளைத் தருகிறது என்பதும் இவ்விடத்தில் குறிக்கத்தக்கது. தவறான குமிழை இனி மிகமிக நுட்பமாகத் திருகலாம்.

அம்மன் பாடல் மாசித் திருவிழாவுக்கு முன்தினம் முடிந்தது. பலகையிலுள்ள எட்டுக் குமிழ்களுள் மூன்றின் கீழ் இன்று காகிதம் ஒட்டப்பட்டுள்ளது: நாதஸ்வரத்தின் பளிச்சு, தவிலின் அளவு, எதிரொலி. மற்ற ஐந்தும் எதனோடும் இணைக்கப்படவில்லை. அத்தை வந்தால் திருகிப் பார்ப்பது அவற்றைத்தான்.