தலைக்குள் ஒரு பெரியப்பா

ஒற்றைத் தலைவலி என்றார் டாக்டர். எனக்கென்னவோ தலைக்குள் ஒரு பெரியப்பா குடியேறிவிட்டார் என்றுதான் படுகிறது. நேரத்துக்குச் சாப்பாடு வராவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற, வெயில் ஆகாத, சத்தம் ஆகாத, யார் செண்ட் போட்டாலும் மூக்கைச் சுளிக்கிற பழைய காலத்துப் பெரியப்பா. கோபம் வந்தால் லேசில் இறங்காது. மருந்து கொடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை ஆட்டிவைப்பார்.

சஷ்டி விரதம் என்று ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளினால், முருகனுக்கு முன்னால் இவர் வந்து நிற்பார். தூக்கம் குறைந்தால் ஆகாது. சரியென்று ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிவரை தூங்கினால் அதுவும் ஆகாது. வழக்கமான காபி வேறு தள்ளிப்போயிருக்குமே! வாரமெல்லாம் ஆபீஸில் விரட்டும்போது சும்மா இருந்துவிட்டு, வேலை முடிந்து அப்பாடா என்று உட்காரும்போது வருவதும் உண்டு. டென்ஷன் ஏறினாலும் காரணம், இறங்கினாலும் காரணம்.

வெள்ளைக்காரர்களின் பட்டியலில் சிவப்பு ஒயினும் நாள்பட்ட சீஸும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் நாள்பட்டது இட்லி மாவு ஒன்றுதான். நம் பங்குக்கு ஒன்று உண்டு: தலைக்குக் குளிப்பது. குளித்த பிறகு ஒற்றைத் தலைவலி வந்த 94 இந்தியர்களைப் பற்றி மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 2006இல் எழுதினார். "ஈரத் தலையோட நிக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, நான் எழுதியிருந்தா போட்டிருப்பாங்களா?" என்றாள் அம்மா.

பாவம், சாக்லேட். வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே சிலருக்கு இனிப்பின் மேல் ஆசை வரும். பெரியப்பா கிளம்பும்போதே கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பழியை அதன்மேல் போட்டுவிடுவார்.

ஒரு காரணம் மட்டுமென்றால் பல நேரம் பொறுத்துக்கொள்வார். நாலைந்து சேர்ந்தால்தான் ஆபத்து. ஆண்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பெண்களுக்கு இது வருகிறது. மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் இறங்கும் நாட்களில் சிலருக்குத் தவறாமல் வரும். அந்த நாள் பார்த்து ஒரு முகூர்த்தம் வரட்டும்: விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, தலைக்குளியல், ஈரக் கூந்தலில் நாலு முழம் மல்லிகை, வெறும் வயிறு, கெட்டிமேளம், கண்ணைக் குத்தும் வீடியோ லைட். கல்யாண வீட்டில் பெரியப்பாவுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

மாத்திரையால் அடக்கிவிடலாம் என்றும் இஷ்டத்துக்குப் போட முடியாது. சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ விழுங்கிவந்தால், அதுவே தலைவலியைக் கொடுக்க ஆரம்பிக்கும். இதுவரை இல்லாத வலி திடீரென்று மண்டையைப் பிளந்தால் அது பெரியப்பா இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மற்றபடி, "இதெல்லாம் ஒரு வியாதியா?" என்று விசாரிக்க வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாராளமாக வாருங்கள். செண்ட் போடாமல், லைட்டைப் போடாமல், முக்கியமாகப் பேசாமல் வாருங்கள்.