முதற்சுற்று இணையியல்: ஒரு நூற்பாவும் உரையும்

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் முப்பது அணிகள். அணிக்கு 82 ஆட்டம். எல்லாம் கூட்டிப் பாதியாக்கினால் 1,230 ஆட்டம். அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை இவ்வளவையும் ஆடித் தீர்த்த பிறகுதான் உண்மையான போட்டி தொடங்குகிறது. அதற்குப் பெயர் பிளேஆஃப். அதன் முதல் சுற்றில் எவரோடு எவர் மோதுவார் என்பதை, 1,230-இல் பாதிகூட முடியாத டிசம்பரிலேயே சொல்லிவிடத் துடிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. யாமும் அதில் ஒருவர். இணையியல் என்று யாம் பெயரிட்ட இந்தத் துடிப்புக்கு இலக்கணம் இல்லாத குறையைத் தீர்க்க ஒரு நூற்பா யாத்தோம். பழைய ஏட்டில் கிடைத்தது என்று சொல்லிவிடலாமென்றுதான் முதலில் நினைத்தோம். அக்கா மகன் நம்ப மாட்டான் என்பதால் விட்டுவிட்டோம்.

ஒன்றும் எட்டும் இரண்டும் ஏழும்
மூன்றும் ஆறும் நான்கும் ஐந்தும்
ஒன்பது ஆதல் உறுதி, ஆடுவார்
இன்னார் என்றல் இறுதிநாள் கடனே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், முதற்சுற்றில் யாருக்கு யார் எதிரி என்பது உணர்த்துதல் நுதலிற்று.

இதன் பொருள்: முப்பது அணிகளும் கிழக்கு, மேற்கு என இரண்டு மண்டலம். மண்டலத்துக்கு எட்டு அணிகள் பிளேஆஃபுக்குத் தேறும். வெற்றிக் கணக்கில் முதலாவது அணி எட்டாவதோடும், இரண்டாவது ஏழாவதோடும், மூன்றாவது ஆறாவதோடும், நான்காவது ஐந்தாவதோடும் மோதும். எந்த ஜோடியைக் கூட்டினாலும் ஒன்பது. கோயிலில் ஒன்பது கோள்களும் ஒன்றையொன்று பாராமல் ஆளுக்கொரு திசையில் நிற்கின்றன. இங்கோ ஒன்பதைக் காட்டித்தான் இரண்டு பேரை முகத்துக்கு முகம் நிறுத்துகிறார்கள். இந்த முரண் தனி நூலாக விரியும் ஆதலின் விடுத்தோம்.

இந்த வரிசை எண்ணுக்கு அமெரிக்கர் இட்ட பெயர், விதை என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல். தமிழில் எழுதினால் அது 'சீட்' ஆகிவிடும். பேருந்தில் துண்டு போட்டுப் பிடிப்பது, மருத்துவக் கல்லூரியில் கிடைக்காமல் போவது, கூட்டணிப் பேச்சில் கேட்டதில் பாதியாகத் தரப்படுவது எல்லாம் அந்தச் சொல்தான். பொருள் குழம்பினாலும் குணம் குழம்பவில்லை என்பது எம் துணிபு. ஏப்ரலில் எட்டாவது சீட்டுக்கு நடப்பதும் ஜன்னல் வழியே துண்டு வீசுவதுதான். விதை என்றே வைத்துக்கொண்டாலும் நட்டமில்லை. விதைக்கும் விதிக்கும் ஓர் எழுத்தே வேற்றுமை.

எட்டு அணிகள் இன்னவை என்று தெரிந்துவிட்டது, வரிசை மட்டும் தெரியவில்லை என்று கொள்வோம். அவற்றை நான்கு ஜோடியாக்க 105 வழிகள் உண்டு. ஏழையும் ஐந்தையும் மூன்றையும் பெருக்கிக் காண்க. இரு மண்டலத்துக்கும் சேர்த்து 11,025. கண்ணை மூடி ஒன்றைத் தொடுபவனைவிடப் புள்ளிவிவரம் பார்ப்பவன் மேல்தான். எவ்வளவு மேல் என்பதை மட்டும் அவன் ஏப்ரலில் சொல்ல மாட்டான்.

இவ்விடத்து ஒரு கடா. கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் கேட்டான்: "ஏப்ரல்ல தானா தெரிஞ்சிடப்போவுது. இப்பவே எதுக்கு மாமா நோட்டு போட்டு எழுதறீங்க?"

விடை சொல்ல வாயெடுப்பதற்குள் நோட்டைப் பிடுங்கிப் புரட்டலானான். யாம் டென்வர் நக்கெட்ஸ் அணியின் அன்பர் என்பதை இங்கே சொல்லிவிடுவது ஆய்வு நேர்மை. நான்கைந்து பக்கம் தள்ளியதும் நிமிர்ந்து பார்த்தான். "எல்லா வருஷமும் டென்வருக்கு மட்டும் லேசான டீமாவே வந்திருக்கு. இது கணிப்பா, வேண்டுதலா?"

இத்துறையின் ஆணிவேரைப் பையன் தொட்டுவிட்டான். கணிப்பும் வேண்டுதலும் வடிவத்தில் ஒன்றே. இரண்டையும் கட்டம் போட்டுத்தான் எழுதுகிறோம். ஜாதகம் பார்க்கும் தரகர் இரண்டு குடும்பம் சேர்ந்து வாழப் பொருத்தம் தேடுகிறார். இணையியலார் தேடும் சம்பந்தி வேறு வகை: நம் வீட்டார் நாலே ஆட்டத்தில் அடித்து அனுப்பிவிடக் கூடியவர். முதற்சுற்று ஏழு ஆட்டத் தொடர். நான்கை முதலில் வெல்பவர் மேலே போவார். 2003-க்கு முன் ஐந்து ஆட்டமாக இருந்தது. அப்போது மூன்று போதும். வேண்டுதலும் அந்த அளவுக்குச் சிறியதாக இருந்தது.

இனி, நல்ல சம்பந்தியைத் தேடிப் போனவர் கதை. 2006 ஏப்ரல். அன்றைய விதிப்படி மண்டலத்தின் மூன்று டிவிஷன்களிலும் முதலிடம் பிடித்தவருக்கே முதல் மூன்று சீட். சான் அன்டோனியோ 63 ஆட்டம் வென்றது. அதே டிவிஷனில் டாலஸ் 60 வென்றும் இரண்டாமிடம். ஆகவே நான்காவது சீட்டுக்குத் தள்ளப்பட்டது. பக்கத்து டிவிஷனில் எம் டென்வர் 44-ஐ மட்டும் வென்று, அங்கே அதுவே அதிகம் என்பதால் மூன்றாவது சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. விளைவு என்ன? ஐந்தாவதாக வருபவர் 60 ஆட்டம் வென்ற டாலஸிடம் சிக்குவார். ஆறாவதாக வருபவருக்கு டென்வர். போதாக்குறைக்கு, சொந்த ஊரில் கூடுதல் ஆட்டம் என்ற சலுகை சீட்டைப் பார்க்காமல் வெற்றிக் கணக்கைப் பார்த்தது. ஆறாவது அணி டென்வரைவிட அதிகம் வென்றிருந்தால் அந்தச் சலுகையும் அதற்கே. மாப்பிள்ளை வீட்டிலேயே கல்யாணம், செலவு பெண் வீட்டார் என்பது போல.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நின்றவை மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸும் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸும். லீக் முடியும் தறுவாயில் இரண்டும் நேருக்கு நேர் மோத வேண்டிவந்தது. கிளிப்பர்ஸ் தோற்றது. வேண்டுமென்று தோற்றது என்று யாம் சொல்லோம். அன்று வெல்வதற்கு அட்டவணையில் ஒரு காரணமும் இல்லை என்று மட்டும் சொல்வோம். வென்ற மெம்ஃபிஸ் ஐந்தாவதாகி டாலஸிடம் நான்குக்கு நான்கும் தோற்றது. தோற்ற கிளிப்பர்ஸ் டென்வரை நான்குக்கு ஒன்று என்று முடித்துவிட்டது. அந்தக் குழு ஒரு பிளேஆஃப் தொடரை வென்றது, பஃபலோ நகரத்து அணியாக இருந்த 1976-க்குப் பிறகு அதுவே முதல் முறை. முப்பது ஆண்டுத் தவத்துக்கு வரமாக எம் அணியைப் பெற்றார்கள். ஒருவன் தோற்றால் கிடைக்கும் பரிசாக நம் அணி இருப்பது எப்படி வலிக்கும் என்பதை இணையியல் நூல்கள் பேசுவதில்லை. யாம் பேசினோம்.

விதியை அடுத்த பருவத்திலேயே திருத்தினார்கள். 2015-16 முதல் டிவிஷன் பெருமை சமநிலையைத் தீர்க்க மட்டுமே என்றாகி, வெற்றிக் கணக்கே வரிசை என்றாயிற்று. ஆகவே 2015-16-க்கு முந்திய நோட்டுகளைப் படிப்போர் அவை பழைய பாடத்தைத் தழுவியவை என்று கொள்க.

பாடம் என்றதும் இடைச்செருகல் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூல நூலில் ஏழும் எட்டும் மற்ற எண்களைப் போலவே இருந்தன. கொரோனா ஆண்டில், ஆர்லாண்டோவின் டிஸ்னி வளாகத்துக்குள் அணிகளைப் பூட்டிவைத்து ஆடவிட்டபோது, எட்டாவது போர்ட்லாந்துக்கும் ஒன்பதாவது மெம்ஃபிஸுக்கும் ஒரு தனி ஆட்டம் நுழைந்தது. 2021-இல் அது முழு அதிகாரமாகவே விரிந்துவிட்டது. பெயர் பிளே-இன். ஏழும் எட்டும் மோதும், வென்றவர் ஏழாவது. ஒன்பதும் பத்தும் மோதும், தோற்றவர் வீட்டுக்கு. முதலாட்டத்தில் தோற்றவரும் இரண்டாவதில் வென்றவரும் எட்டாவது இடத்துக்கு மோதுவர். நடை வேறுபாட்டால் இது பிற்காலத்தவர் கைவண்ணம் என்று எளிதில் தெரியும். லெப்ரான் ஜேம்ஸும் அவ்வாறே கருதினார். இதைக் கண்டுபிடித்தவரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று அந்த ஆண்டு வெளிப்படையாகவே சொன்னார். சொன்ன சில வாரங்களில் அவருடைய லேக்கர்ஸ் ஏழாவதாக முடித்து அதே செருகலுக்குள் போய் விழுந்தது. கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் அவரே ஒரு மூன்று புள்ளி வீசி அணியைக் கரையேற்றினார். 103-100. அதன் பிறகு இந்த அதிகாரத்தின் இலக்கியத் தரத்தை எவராலும் மறுக்க முடியவில்லை.

ஏழாம் இடத்துக்கு இருவர், எட்டாம் இடத்துக்கு மூவர். ஆக மண்டலத்துக்கு ஆறு முடிபுகள். இந்த ஆறை மனத்தில் வைக்க. பின்னால் வேண்டும்.

எட்டாவது சீட் என்றால் எளிய இரை என்பது அடுத்த மயக்கம். 16 அணி முறை வந்த 1984 முதல் 2025 வரை, ஒன்றும் எட்டும் 84 முறை மோதியிருக்கின்றன. எட்டு வென்றது ஆறே முறை. குறைவுதான். ஆனால் அந்த ஆறும் மறக்கிற வகை அல்ல. 2007-இல் டாலஸ் 67 ஆட்டம் வென்று, 42 வென்ற கோல்டன் ஸ்டேட்டிடம் தோற்று வெளியேறியது. அந்த ஆண்டின் தலைசிறந்த வீரர் விருதை டிர்க் நோவிட்ஸ்கி கையில் வாங்கியபோது அவர் அணி ஆட்டத்திலேயே இல்லை. இத்தனைக்கும் அந்தப் பருவத்தில் இருவரும் மோதிய மூன்று ஆட்டத்தையும் கோல்டன் ஸ்டேட்தான் வென்றிருந்தது. வரிசை எண்ணைப் பார்த்தவர் ஏமாந்தார், பழைய கணக்கைப் பார்த்தவர் ஏமாறவில்லை. 2023-இல் மயாமி, பிளே-இன்னில் ஒன்றில் தோற்று, அடுத்ததில் தப்பி, எட்டாவதாக நுழைந்து, லீகிலேயே அதிகம் வென்றிருந்த மில்வாக்கியை ஐந்தே ஆட்டத்தில் முடித்து, இறுதித் தொடர் வரை போனது. அங்கே அதைத் தோற்கடித்துக் கோப்பை வென்றது டென்வர். இதை இடம் பொருள் ஏவல் பார்த்துத்தான் சொல்கிறோம்.

ஆறில் முதலாவது 1994. அப்போது ஐந்து ஆட்டத் தொடர். 63 வென்ற சியாட்டிலிடம் முதல் இரண்டையும் தோற்ற ஒரு 42-வெற்றி அணி, மிச்ச மூன்றையும் வென்றது. கடைசி விசில் ஊதியதும் வென்ற அணியின் டிகெம்பே முட்டம்போ தரையில் மல்லாந்து, பந்தை இரு கைகளாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கிடந்தார். அணி எது என்று எழுத வேண்டியதில்லை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் யாம் இத்துறைக்கு வந்தோம்.

ஆய்வின் கடைசிப் பகுதிக்கு 2025 ஏப்ரலை எடுத்துக்கொள்கிறோம். டிசம்பரில் யாம் போட்ட மேற்கு மண்டலக் கட்டத்தில் டாலஸ் உயரத்தில் இருந்தது. முந்தைய ஆண்டு இறுதித் தொடர் ஆடிய அணி. பிப்ரவரி தொடக்கத்தில் அவர்கள் தம் நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சையே லேக்கர்ஸுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கட்டத்தை அழித்து மறுபடி போட்டோம். ஏப்ரலில், மூன்று ஆட்டம் மிச்சமிருக்க, கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் மைக்கேல் மலோனை டென்வர் வேலையைவிட்டு அனுப்பியது. எந்தக் கோளும் இதை முன்னறிவிக்கவில்லை. மிச்ச மூன்றையும் டென்வர் வென்றது. அதையும்தான்.

கடைசி நாள் மேற்கு மண்டல ஆட்டங்கள் இந்திய நேரம் நள்ளிரவு ஒரு மணிக்குத் தொடங்கின. குரோதி ஆண்டின் கடைசி இரவு, விடிந்தால் விசுவாவசு. ஊரில் புதுப் பஞ்சாங்கத்தை மஞ்சள் தடவி எடுத்து வைத்திருந்தார்கள். யாம் நோட்டை விரித்து வைத்திருந்தோம். கிளிப்பர்ஸும் கோல்டன் ஸ்டேட்டும் கூடுதல் நேரம் வரை இழுத்தன. 124-119 என்று கிளிப்பர்ஸ் வென்றது. தோற்ற அணி ஏழாமிடத்துக்கு இறங்கியது. 2006-இல் தோற்கக் காரணம் இருந்த கிளிப்பர்ஸுக்கு இம்முறை வெல்லக் காரணம் இருந்தது என்பதை ஒப்புநோக்குக.

முடிவில் லேக்கர்ஸ், டென்வர், கிளிப்பர்ஸ் மூன்றும் 50-32. இருவர் சமமானால் தமக்குள் ஆடியதைப் பார்க்க வேண்டும். தீராவிட்டால் டிவிஷன் முதல்வரா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகும் படிகள் உண்டு, கடைசிப் படி பருவம் முழுக்கப் போட்ட புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசம். மூவர் சமமானால் முதல் இரண்டு விதியும் இடம் மாறும். ஏன் மாறும் என்பதை வல்லார்வாய்க் கேட்டு உணர்க. டிவிஷன் முதல்வரான லேக்கர்ஸ் மூன்றாவது, டென்வர் நான்காவது, கிளிப்பர்ஸ் ஐந்தாவது. நான்கும் ஐந்தும் ஒன்பது. பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு முதற்சுற்றில் அதே சம்பந்தி, இம்முறை ஏழாவது ஆட்டம் எம் ஊரில். அது அந்த ஏழாவது வரை போனது, டென்வரும் வென்றது.

விடியற்காலையில் அக்கா மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நோட்டை எட்டிப் பார்த்தான். டிசம்பர் கட்டம், பிப்ரவரி கட்டம், ஏப்ரல் கட்டம் மூன்றிலும் சிவப்பு மையில் அடித்தல் திருத்தல்.

"ஒண்ணாவது சரியா வந்துச்சா மாமா?"

மேற்கில் ஏழாம் எட்டாம் இடங்கள் மட்டும் அப்போது முடிவாகவில்லை. அதற்குப் பிளே-இன் பாக்கி. ஆறு முடிபுகள் உண்டு என்று மேலே நிறுவினோம் அல்லவா? புதுப் பக்கத்தில் ஆறையும் வரிசையாக எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் இட்டோம். அந்த வாரமே அவற்றுள் ஒன்று எழுத்துப் பிசகாமல் பலித்தது.