எட்டாம் தலைமுறைக்குக் குறைந்தவை வெளியே நிற்கவும்

விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5ஆம் தேதி வெளியானது. உங்கள் பிராசசர் என்ன வேலை செய்யும் என்று அது கேட்கவில்லை. சம்பந்தம் பேச வந்த வீட்டார் மாதிரி, எந்த வம்சம், எப்போது பிறந்தது என்றுதான் கேட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை. அதற்கு முந்திப் பிறந்தவை, விரல்விட்டு எண்ணக்கூடிய சில தவிர, திண்ணையோடு திரும்ப வேண்டியதுதான்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட். அங்கே ஐ5-7200யு என்றிருந்தால் கோட்டுக்குப் பின்வரும் முதல் எண் 7, ஆகவே வெளியே. ஐ5-8250யு என்றிருந்தால் உள்ளே. முன்னது 2016 ஆகஸ்டில் வந்தது, பின்னது 2017 ஆகஸ்டில். இரண்டுக்கும் அடிப்படை வடிவமைப்பு ஒன்றே, கேபி லேக். பின்னதில் இரண்டு கோர் கூடுதல், அவ்வளவுதான். அப்படியானால் திறன்தான் அளவுகோலா? அதுவும் இல்லை. 2017 ஜனவரியில் வந்த ஐ7-7700கே நான்கு கோர், 4.2 கிகாஹெர்ட்ஸ். அதற்குத் தகுதியில்லை. அதே ஆண்டுக் கடைசியில் வந்த செலரான் என்4000 இரண்டு கோர், 1.1 கிகாஹெர்ட்ஸ், பிரவுசரில் நாலு பக்கம் திறந்தாலே மூச்சு வாங்கும். அதற்குப் பட்டியலில் இடம் உண்டு!

காரணம் பாதுகாப்பு என்றார்கள் மைக்ரோசாஃப்ட்காரர்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டுமாம். ஏழாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றில் அது பிடிடி என்ற பெயரில் பயாஸுக்குள் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பிறகு, தகுதியில்லாத கணினிகளில் கெர்னல் செயலிழப்பு 52 சதவீதம் அதிகம் என்றார்கள். சரி, விதி எல்லோருக்கும் ஒன்று என்றால் வாயை மூடிக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் ஏழாம் தலைமுறையிலிருந்து சேர்த்த வெகு சிலவற்றில் ஒன்றாக ஐ7-7820எச்க்யூ, புதுவகை டிரைவர் உள்ள சில கருவிகளில், பட்டியலில் ஏறியது. அந்தப் பிராசசர் இருந்தது மைக்ரோசாஃப்டின் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல். அது அப்போதும் கடையில் விற்பனைக்கு இருந்தது. சொந்தப் பிள்ளைக்கு ஜாதகத்தில் தோஷம் தெரிவதில்லை.

பிறந்த ஆண்டைக் கேட்காத ஆட்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள். சிங்கப்பூரின் டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் மூன்று தடங்கள் சந்திக்கின்றன. மேலே பிளாசா சிங்கப்பூரா. முன்பு இங்கே வங்காளத்திலிருந்தும் மதராசிலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளிகள் பிராஸ் பசா ஓடையில் துணி வெளுத்து, கரையோரப் புல்வெளியில் உலர்த்தினார்கள். சட்டை எந்த ஆண்டு தைத்தது என்று விசாரித்துவிட்டு அவர்கள் துணியை வாங்கியதில்லை. கிழியவில்லையா, கொடு, வெளுத்துத் தருகிறேன் என்பதோடு சரி. இன்று அதே மண்ணில் பழையதைக் கொண்டுபோனால் புதியது எது வாங்கலாம் என்று சொல்ல ஆள் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, பழைய பொருளுக்கு மறுவாழ்வு கொடுத்துவந்த சுங்கை சாலைச் சந்தையையும் 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடியாயிற்று.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. முடிந்தது என்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இயந்திரங்களுக்குள் பொருத்தி விற்கும் விண்டோஸ் 10 ஐஓடி நீண்டகாலப் பதிப்பு ஒன்றுக்கு 2032 ஜனவரி வரை திருத்தம் உண்டு. வீட்டுக் கணினிக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு: 30 அமெரிக்க டாலர் கொடு, இல்லையென்றால் உன் செட்டிங்ஸை எங்கள் மேகத்தில் ஏற்று, அதுவும் இல்லையென்றால் ரிவார்ட்ஸ் புள்ளி ஆயிரம் சேர்த்துக் கொண்டுவா. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டைக்குப் போயின. அங்கே அந்த நிபந்தனைகள் இல்லாமலே இலவசம் என்றார்கள். நாம் வரிசையில் நிற்கப் பழகியவர்கள்.

ஒதுக்கப்பட்ட அதே 7200யுவில் லினக்ஸ் போட்டால் நன்றாக ஓடுகிறது. மருத்துவர் இறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்த ஆள் எழுந்து டீ குடிக்கிறார். ஆனால் அலுவலக மென்பொருளும் அக்காவின் கணக்கு மென்பொருளும் விண்டோஸைத்தானே கேட்கின்றன?

விண்டோஸ் 10 ஆதரவு நிற்பதால் உலகில் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று 2023இல் கனாலிஸ் நிறுவனம் கணித்தது. சிங்கப்பூர் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவை உண்டாக்குகிறது. அதைக் கட்டுப்படுத்த 2021 ஜூலை 1 முதல் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் சேகரிப்புச் செலவை ஏற்க வேண்டும். 300 சதுர மீட்டருக்குக் குறையாத மின்சாதனக் கடை வைத்திருப்பவர் சேகரிப்புத் தொட்டி வைக்க வேண்டும். நாம் சுமந்துகொண்டு போய்ப் போட வேண்டும். எல்லோருக்கும் ஒரு வேலை கொடுத்த அந்தச் சட்டத்தில், தான் தயாரிக்காத கணினிக்கும் சாவுத் தேதி குறிக்கிற மென்பொருள் நிறுவனத்துக்கு மட்டும் வேலை எதுவும் இல்லை. அடுத்த திருத்தத்தில் அதையும் சேருங்கள். தொட்டி நிரம்பும்போது வண்டிச் சத்தம் யார் கொடுப்பது என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம்.