எழுபது வளைவும் முப்பது நாளும்

கேள்வி: சொத்து வழக்கில் தீர்ப்பு வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. முக்கியமான பழைய பத்திரம் இப்போதுதான் கிடைத்தது. இனி மறுஆய்வு மனு போட முடியுமா? (வாசகர், செம்மேடு, கொல்லிமலை)

பதில்: முடியும். உங்கள் மலையிலிருந்து அடிவாரக் காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள்; ஆனால் மறுஆய்வு மனுவுக்குச் சட்டம் தருவது 30 நாள்தான். தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்களை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்கும் மேல் தாமதமானால், 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போடுங்கள்.

பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி வழக்கில் 883 நாள் தாமதத்தையே 1998இல் உச்ச நீதிமன்றம் மன்னித்தது. நாள் எத்தனை என்பதைவிடக் காரணம் நம்பும்படி இருக்கிறதா என்பதே முக்கியம் என்றது. ஆகவே தாமதத்துக்குக் காரணமாக, உதாரணமாக, 'உடம்பு சரியில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதாது. எந்தத் தேதியில் படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று எழுதி, மருத்துவமனைச் சீட்டையும் இணையுங்கள். பத்திரம் யாருடைய பெட்டியில், என்று கிடைத்தது, முன்பு எங்கெல்லாம் தேடினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். புதிய ஆதாரத்தைக் காட்டி மறுஆய்வு கேட்பதானால், அது முயன்று தேடியும் முன்பு கிடைக்காததாக இருந்தால்தான் இடமுண்டு.

மிளகு காய்ந்தாலும் காரம் போகாது. உரிமை அப்படியல்ல, நாள் கடந்தால் கைவிட்டுப் போகும். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வக்கீல் உதவி இலவசம். நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நாளைக்கே பஸ் ஏறுங்கள்.