ஹெல்மெட்டுக்குள் கூட்டணி அமைப்பது எப்படி?

ஹெட்செட்டை அட்டைப்பெட்டியிலிருந்து பிரிக்க உகந்த நேரம், நண்பர்கள் எல்லோரும் எஞ்சினை ஓடவிட்டு உங்களுக்காகக் காத்திருக்கும் விடியற்காலை. முந்தின நாள் ராத்திரியே வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இணைத்துப் பார்ப்பது கோழைகளின் வேலை.

வண்டி ஹோண்டா கோல்ட் விங் என்றே வைத்துக்கொள்வோம்; கற்பனைக்குத் தவணை கட்ட வேண்டியதில்லை. 1833 சிசி, ஆறு சிலிண்டர். 2018 மாடலிலிருந்து இதில் ஆப்பிள் கார்பிளே உண்டு. போனைக் கேபிளில் செருகுகிறீர்கள், திரையில் ஒன்றும் வரவில்லை. உடனே கேபிளைத் திட்டுங்கள். வேறு கேபிள் வாங்கி அதையும் திட்டுங்கள். ஹெட்செட் வண்டியோடு இணைந்திருந்தால்தான் கார்பிளே கண் திறக்கும் என்ற விவரம் கையேட்டில் இருக்கிறது. கையேடு பக்கவாட்டுப் பெட்டியில், மழைக்கோட்டுக்கு அடியில், பிரிக்கப்படாமல் பத்திரமாக இருக்கட்டும்.

அடுத்து கூட்டணிப் பேச்சுவார்த்தை. போன், வண்டி, ஹெட்செட் என மூன்று கட்சிகள். மூன்றையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுங்கள். மாமியார் போனில் கூப்பிடும்போது யார் எடுப்பது என்று மூன்றும் அடித்துக்கொள்ளும். அந்தச் சண்டையில் அழைப்பே துண்டிக்கப்பட்டால் அதை நஷ்டம் என்று சொல்ல முடியாது. பாட்டும் கேட்டாக வேண்டும் என்பவர்களுக்குத் தொகுதிப் பங்கீடு வேறு: போன் வண்டியோடு சேரட்டும், வண்டி ஹெட்செட்டோடு சேரட்டும். போனுக்கும் ஹெட்செட்டுக்கும் நேரடிப் பேச்சு வேண்டாம். பழைய இணைப்பை முறிப்பதாக இருந்தால் இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும். போனில் மட்டும் அழித்தால் ஹெட்செட் இன்னும் பழைய கூட்டணியின் சுவரொட்டியைக் கிழிக்காமல்தான் வைத்திருக்கும்.

சேர்ந்தாகிவிட்டது, ஆனால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதா? இசையமைப்பாளரைக் குறை சொல்லுங்கள். புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி. முன்னதன் பெயர் ஏ2டிபி, ஸ்டீரியோ தரும். பின்னதன் பெயர் எச்எஃப்பி, மனிதக் குரலுக்கென்று வைத்த ஒற்றைத் தடம். பாட்டு தப்பித்தவறி பேச்சு வழியில் போனால் இளையராஜாவின் பேஸ் கிட்டார் கொசு ரீங்காரம்தான். ஹெட்செட்டை அணைத்துப் போட்டு, போன் செட்டிங்கில் மீடியா ஆடியோ இயங்குகிறதா என்று பாருங்கள். முடிந்தவரை இதைச் செய்யாமல் புது ஹெட்செட் விலை விசாரிப்பதே மரபு.

ஸ்பீக்கரை ஹெல்மெட்டில் எங்கே ஒட்டுவது? பசை எங்கே பிடிக்கிறதோ அங்கே. காதுத் துளைக்கு நேர் எதிரே, காதைத் தொடுகிற நெருக்கத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். கொஞ்சம் விலகினாலும் பேஸ் முதலில் ஓடிப்போகும் என்பதும் உண்மை. குழி ஆழமாக இருந்தால் பின்னால் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்தால் போதும். ஆடியோ கோளாறு என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு வைத்தியம் இந்த ஸ்பாஞ்ச்தான் என்பது என் கட்சி. செலவு குறைவு என்பதால் யாரும் நம்புவதில்லை.

கடைசியாக ஒலியளவு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டும். அதற்கு மேல் பாட்டை ஏற்றினால் சீக்கிரமே காது கேட்கும் கருவி ஒன்றையும் புளூடூத்தில் இணைக்கலாம். நுரை இயர்ப்ளக் மாட்டிக்கொண்டால் இரைச்சல் அடங்கிக் குரல் தெளிவாகும், மருந்துக்கடையில் கிடைக்கும்.

பட்டனைத் துழாவ வேண்டியிருந்தால் மட்டும் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுங்கள், சாமி. பின்னால் லாரி வருகிறது.