ஆன்மாவுக்கு அவசர சிகிச்சை

யாழ்ப்பாணத் தீவுகளுக்குக் கப்பலேறி வந்த துரைமார் பலருக்கும் ஒரே கவலை: தீவான் செத்தபிறகு எங்கே போவான்? அவன் சாகாமல் இருக்க என்ன செய்யலாம் என்ற சில்லறை விஷயம் அவர்கள் மண்டையில் ஏற இருநூறு வருடம் பிடித்தது.

முதலில் வந்தவன் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன். 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தான். அதை ஆண்ட சங்கிலி குமாரனைக் கோவாவுக்குக் கொண்டுபோய் உயிரை வாங்கினான். கையோடு நல்லூர்க் கோயிலையும் நயினாதீவுக் கோயிலையும் இடித்துவிட்டு, ஊருக்கு ஊர் வேதக்கோயில் எழுப்பினான். பிரசங்கம் செய்தால் பசிக்கும் அல்லவா? வீட்டுக்கொரு பசு என்று முறை வைத்தான். தன் முறை வருமுன்னே திருநெல்வேலி ஞானப்பிரகாசர் இரவோடிரவாகக் கிளம்பிச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தார் என்பது யாழ்ப்பாணத்துப் பழங்கதை. நெடுந்தீவுக்குப் பறங்கி வைத்த பெயரே பசுத்தீவு. பாவம், அந்தப் பசுக்களுக்கு ஓடிப்போக ஒரு சிதம்பரம் இல்லை.

1658இல் ஒல்லாந்தன் வந்தான். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கிறதே ஹமன்ஹீல் கோட்டை, அதற்குள் இருந்த பறங்கியர் சுற்றிவரக் கடலை வைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சரணடைந்தார்கள். புதிய முதலாளி வேலணைப் பக்கத்தை லெய்டன் என்றான்; புங்குடுதீவை மிடில்பர்க் என்றான்; நயினாதீவை ஹார்லெம் என்றான். ஊரவன் எதையும் வாயில் வைக்கவில்லை. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் மட்டும் அரசாங்கக் காகிதங்களில் ஒட்டிக்கொண்டது.

ஒல்லாந்தன் வியாபாரி; கட்டிய கட்டடத்தை இடிக்க மனம் வராது. சுரூபங்களை அகற்றிவிட்டு அதே கோயில்களில் புரட்டஸ்தாந்து பிரசங்கத்தைத் தொடங்கினான். கோயிலோடு ஒரு பள்ளிக்கூடம். பிள்ளை வராவிட்டால் தண்டம். ஞானஸ்நானம் இல்லையென்றால் கலியாணம் செல்லாது, முதுசம் கைக்கு வராது. தீவான் யோசித்தான்: கொஞ்சம் தண்ணீர்தானே! காணியை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான். வீட்டுக்கு வந்து திருநீறு பூசினான். விரதச் சோறு தின்ற வாழையிலையைச் சுருட்டிக் கூரைக்குள் செருகினான். பிலிப்பஸ் பால்டேயஸ் பாதிரியாரோ கோயில் கோயிலாகக் கணக்கெடுத்து, 1672இல் அம்ஸ்டர்டாமில் தடித்த புத்தகமே போட்டுவிட்டார். கூரையை மட்டும் அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. ஒல்லாந்தன் இருக்கும்போதே, 1788இல், நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில் மறுபடி எழும்பியது. கணக்கு எங்கே பிழைத்தது என்று அப்போதாவது அவனுக்கு விளங்கியிருக்கும்.

கத்தோலிக்கருக்கும் அதே பாடுதான். அவர்களுடைய பாதிரிமாருக்குத் தடை. 1687இல் யோசப் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் வயிற்றுளைவில் சாகக் கிடந்தார். எழும்பியதும் கழுத்தில் செபமாலையோடு வீடுவீடாகப் பிச்சை எடுத்துத் தம்முடைய ஆட்களைத் தேடினார். 2015இல் அவருக்குப் புனிதர் பட்டமே கிடைத்தது. அன்றைக்குக் கிடைக்காதது ஒரு கோப்பை மருந்து. ஆஸ்பத்திரி ஒல்லாந்துக் கும்பனிக்காரருக்கு, ஊராருக்குப் பிரசங்கம்.

1795இல் இங்கிலீசுக்காரன். ஆன்மாவில் இவனுக்கு அவ்வளவு அக்கறை இல்லை, குதிரையில் இருந்தது. நெடுந்தீவில் நோலன் என்ற துரை குதிரை வளர்த்தார். குதிரைக்கு லாயம் வந்தது, மனிதனுக்கு ஆஸ்பத்திரி வரவில்லை.

கடைசியில் வழி திறந்தவன், நாட்டை ஆளாத அமெரிக்க மிஷனரி. ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கினார். 1847இல் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்தார். இங்கேயும் மருந்துக்கு முன் செபம் உண்டு. ஆனால் மருந்தும் உண்டு. இங்கிலீசில் படித்த டாக்குத்தர் அரசாங்க உத்தியோகத்துக்கு ஓடிவிடுவார், தமிழில் படித்தவர் ஊரிலேயே நிற்பார் என்று கணக்குப் போட்டு, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார் கிறீன். உடற்கூற்றையும் இரசாயனத்தையும் தமிழில் புத்தகமாக்கினார். பிணத்தை அறுத்துப் பார்த்தும் ஆன்மா இருக்கும் இடம் அகப்படவில்லை. ஈரல் அகப்பட்டது, அதற்கு மருந்தும் இருந்தது.

ஹமன்ஹீலுக்கு வருவோம். இங்கிலீசுக்காரன் காலத்தில் அது சிறைச்சாலையானது, தொற்றுநோய் ஆஸ்பத்திரியானது; இப்போது கடற்படை நடத்தும் உல்லாச விடுதி. அங்கே தங்குவோரிடம் ஆன்மாவைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. அடையாள அட்டை போதும்.

நெடுந்தீவில் இன்று ஆஸ்பத்திரி இருக்கிறது. பின்பக்கத்தில் பழைய கோட்டை முருகைக்கற் குவியலாகச் சரிந்து கிடக்கிறது. வருத்தம் கடுமையென்றால் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி யாழ்ப்பாணம் போகவேண்டும். நடுக்கடலில் படகு ஆடினால், கூடப்போகிறவர்கள் நாகபூஷணி அம்மனையும் அந்தோனியாரையும் ஒரே மூச்சில் கூப்பிடுவார்கள். இத்தனை பேர் பாடுபட்டு மதம் பரப்பியதில் தீவானுக்குக் கூடியது ஒரு நேர்த்திக்கடன்.